ஷார்க்ஸ் டிக்கெட் வாங்கலாமா? 71-ஆம் எண்ணும் 2-ஆம் எண்ணும்

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் சான் ஹோசே ஷார்க்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டங்களுக்கு டிக்கெட் தொகுப்பு வாங்கலாமா என்று அலுவலகத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். வாங்கலாம். ஆனால் அணி ஜெயிப்பதைப் பார்க்கிற ஆசையில் வாங்காதீர்கள். 2024-25 சீசனில் ஆடிய 82 ஆட்டங்களில் வென்றது இருபதே இருபது. 32 அணிகளில் கடைசி இடம். அதற்கு முந்தைய சீசனிலும் கடைசிதான், அப்போது 19 வெற்றி. 2024-25 சீசன் தொடங்கியபோது முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

நான் வாங்கச் சொல்வது இரண்டு பையன்களுக்காக. 71-ஆம் எண் மேக்லின் செலப்ரினி, 2-ஆம் எண் வில் ஸ்மித். (நடிகர் இல்லை. இந்தப் பெயரைச் சொன்னதும் வருகிற எல்லா ஜோக்கையும் கேட்டு முடித்தாயிற்று.) இருவருக்கும் என்.எச்.எல். என்கிற வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகில் அது முதல் சீசன். தொடங்கும்போது ஒருவருக்கு வயது 18, இன்னொருவருக்கு 19. இவர்களில் யார் பெரிய ஆளாக வருவார் என்பதுதான் இந்த ஊர் ஹாக்கிக்காரர்களின் தீராத பேச்சு. எங்கள் வீட்டிலும் அதே கதை. நான் செலப்ரினி கட்சி. ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகள் ஸ்மித் கட்சி. ஆகவே நான் எழுதப்போவதில் அரங்கைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும், இவர்களைப் பற்றி நிறைய இருக்கும்.

உனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு வருகிற வெளியூர் டீம்களைப் பார்த்து வளர்ந்தவன். அது பந்து, இது பக் என்கிற ரப்பர் வில்லை. அங்கே பதினொரு பேர், இங்கே கோல்கீப்பரோடு ஆறு பேர். அங்கே ஓட்டம், இங்கே சறுக்கல். ஆனால் ஓர் ஆட்டக்காரனை எடைபோட எங்கள் ஊர் அண்ணன்மார் சொல்லிக்கொடுத்த வழி இங்கேயும் செல்லுபடியாகிறது: பந்து அவன் மட்டையில் இருக்கும்போது பார்க்காதே, இல்லாதபோது என்ன பண்ணுகிறான் என்று பார். டிவியில் அது முடியாது. கேமரா பக்கின் பின்னாலேயே போகும். நேரில் போவதற்கான முதல் காரணமே அதுதான்.

அரங்கு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எஸ்ஏபி சென்டர், சாண்டா கிளாரா தெருவில் இருக்கிறது. 1993-இல் திறந்தார்கள். அதற்கு முன் இரண்டு சீசன்கள் ஷார்க்ஸ் அணி டேலி சிட்டியில் உள்ள கவ் பேலஸில் ஆடியது. இங்கே யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, 'டேங்க்' என்றால் போதும். பக்கத்திலேயே டிரிடான் ரயில் நிலையம். கால்ட்ரெய்னும் விடிஏ ரயிலும் அங்கே நிற்கும், இறங்கி நடந்து வந்துவிடலாம். ஆட்டக்காரர்கள் ஒரு பிரம்மாண்டமான சுறாத் தலையின் வாய்க்குள்ளிருந்து புகை மூட்டத்தில் சறுக்கிக்கொண்டு வருவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டிக்கெட் காசு அந்த ஒரு நிமிடத்திலேயே செரித்துவிடும். எதிரணிக்காரன் தண்டனை வாங்கி வெளியே உட்கார்ந்து, நமக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கிடைக்கிற பவர் பிளேயின்போது, அரங்கமே இரண்டு கையையும் நீட்டிச் சுறா வாய் மாதிரி மூடித் திறக்கும். முதல் தடவை கூச்சமாக இருக்கும். அப்புறம் நீங்களே ஆரம்பித்துவிடுவீர்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் கட்டாயம்.

இருக்கைதான் முக்கியமான விஷயம். கீழ்த்தட்டு 100 எண் பகுதிகள், மேல்தட்டு 200 எண் பகுதிகள். மேலே இருந்தால் மலிவு, கீழே இருந்தால் பெருமை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வேறு ஒரு கணக்கு பிடிபட்டது. செலப்ரினியைப் பார்க்கக் கீழே உட்கார வேண்டும், ஸ்மித்தைப் பார்க்க மேலே உட்கார வேண்டும். இடம் மாறி உட்கார்ந்தால் இருவரில் ஒருவர் உங்களுக்குச் சுமாராகத் தெரிவார். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கட்சியானதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அவள் ஹாக்கி பார்க்கப் பழகியது மேல்தட்டில். நான் அலுவலக நண்பர் ஒருவரின் கீழ்த்தட்டு இருக்கையில் பழகிவிட்டேன்.

செலப்ரினி எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்று பார்த்தால் அவருக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு இருக்கிறது. வான்கூவர் பக்கத்துப் பையன். அப்பா ரிக் செலப்ரினி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியில் வீரர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர். அப்பாவுக்கு வேலை இங்கே அமைந்ததால் பையன் சிறு வயதில் இந்த ஊர்ச் சிறுவர் அணியான ஜூனியர் ஷார்க்ஸில் ஆடியிருக்கிறார். பிறகு மினசோட்டாவில் ஷாட்டக் செயின்ட் மேரிஸ் பள்ளி, அப்புறம் சிகாகோ ஸ்டீல் என்கிற இளையோர் அணி. அங்கே 50 ஆட்டங்களில் 46 கோல். அதன் பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகம். 38 ஆட்டங்களில் 32 கோல், 32 அசிஸ்ட் (சகவீரரின் கோலுக்கு வழிசெய்த பாஸ்). அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்குத் தருகிற ஹோபி பேக்கர் விருதை 17 வயதில் வாங்கினார். அந்த விருதை அவரைவிடச் சின்ன வயதில் யாரும் வாங்கியதில்லை. 2024 ஜூனில் லாஸ் வேகஸின் ஸ்பியர் அரங்கில் நடந்த, அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் ஷார்க்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது.

ஸ்மித் பாஸ்டனை ஒட்டிய லெக்சிங்டன்காரர். 2023 டிராஃப்டில் நான்காவது ஆள். அவர் படித்தது பாஸ்டன் காலேஜ். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் செலப்ரினியின் பல்கலைக்கழகத்துக்கு இது ஜென்மப் பகை. அதே 2023-24 சீசனில் ஸ்மித் 41 ஆட்டங்களில் 71 பாயின்ட் எடுத்தார். கோலுக்கு ஒன்று, அசிஸ்டுக்கு ஒன்று என்று கூட்டுவதுதான் பாயின்ட். நாடு முழுக்கக் கல்லூரி ஹாக்கியில் அதுதான் அதிகம். இரண்டு கல்லூரிகளும் அந்த மார்ச்சில் ஹாக்கி ஈஸ்ட் என்கிற கல்லூரி லீகின் இறுதி ஆட்டத்தில் மோதின. 6-2 என்று பாஸ்டன் காலேஜ் ஜெயித்தது, ஸ்மித் கோல் மேல் கோல் போட்டார். என் மகள் வாதம் தொடங்குவதே இங்கேதான். "ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஆடினப்ப யாருப்பா ஜெயிச்சது?" என்பாள். நான் உடனே, அடுத்த மாதமே டென்வர் பல்கலைக்கழகம் இரண்டு கல்லூரிகளையும் அடுத்தடுத்துத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிய கதையைச் சொல்வேன். அதனால் எதுவும் நிரூபணமாவதில்லை. ஆனால் பேச்சு அத்தோடு நிற்கும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

2024 அக்டோபர் 10, செயின்ட் லூயிஸ் அணியோடு முதல் ஆட்டம். நாங்கள் போயிருந்தோம். முதல் பீரியடிலேயே (ஆட்டத்துக்கு மூன்று பீரியட்) செலப்ரினியின் முதல் கோல். நேர்த்தியான கோல் என்று சொல்ல மாட்டேன். சகவீரருக்குத் தள்ளிய பக் எதிரணித் தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு உள்ளே போனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் சுழன்று திரும்பி சகவீரர் டைலர் டஃபோலிக்கு ஒரு பாஸ் கொடுத்தார் பாருங்கள், அதில்தான் அரங்கம் எழுந்து நின்றது. ஆட்டம் கூடுதல் நேரத்தில் 5-4 என்று தோல்வி. அந்த ஆட்டத்திலேயே இடுப்பில் அடி, அடுத்த 12 ஆட்டங்கள் அவர் இல்லை. அப்படியும் சீசன் முடிவில் 70 ஆட்டங்களில் 25 கோல், 38 அசிஸ்ட், மொத்தம் 63 பாயின்ட். அணியிலேயே அதிகம். புதுமுகங்களுக்கான கால்டர் விருதின் கடைசி மூவரில் ஒருவராகவும் வந்தார். விருது மாண்ட்ரியல் அணியின் லேன் ஹட்சனுக்குப் போனது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஹட்சன் தகுதியானவர்.

எண்களை விடுங்கள். கீழ்த்தட்டில், ரிங்க் என்கிற பனி ஆடுகளத்தின் மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பக் சுவரோரம் போகும். செலப்ரினியைவிட இருபது கிலோ கூடுதலான ஆள் ஒருவர் முதுகைக் காட்டி அதை மறைத்து நிற்பார். செலப்ரினி உடம்பைத் தாழ்த்தி அவர் கைக்குக் கீழே நுழைந்து, ஸ்கேட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, பக்கோடு வெளியே வருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்கும். பனியைச் சீவுகிற சத்தம், மட்டையோடு மட்டை மோதுகிற சத்தம். மேலிருந்து பார்த்தால் ஏதோ இரண்டு பேர் சுவரோரம் முட்டிக்கொள்கிறார்கள் என்று மட்டும் தெரியும்.

இன்னொன்று, பக் பறிபோனால் அவர் செய்வது. எங்கள் ஊர் அண்ணன்மார் சொன்ன இடம் இதுதான். பெரும்பாலான இளம் தாக்குதல் வீரர்கள் பக்கைத் தொலைத்ததும் ஒரு நொடி தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பார்கள், நடுவரைப் பார்ப்பார்கள். செலப்ரினி அந்த நொடியை எடுத்துக்கொள்வதே இல்லை. எந்தக் காலில் நின்றாரோ அந்தக் காலிலேயே திரும்பித் துரத்துவார். ரிங்கின் முழு நீளமும் துரத்தி, பின்னாலிருந்து எதிராளியின் மட்டையை லேசாகத் தூக்கிவிட்டுப் பக்கைத் திருடிக்கொண்டு வருவார். 18 வயதில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. கோல் போடுகிற திறமை இருக்கிறவனுக்கு யாரும் இதைக் கட்டாயப்படுத்திச் சொல்லித்தர மாட்டார்கள். இது அவனுக்கே தோல்வி பிடிக்காமல் வருவது. பயிற்சியாளர் ரயன் வர்சாஃப்ஸ்கி அவருக்கு ஆட்டத்துக்கு இருபது நிமிடம் வரை கொடுத்தது சும்மா இல்லை.

ஏப்ரலில் மினசோட்டாவோடு நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூன்று கோல், இரண்டு அசிஸ்ட். அணி அடித்த ஏழில் ஐந்தில் அவர் கை இருந்தது. ஆட்டம் கூடுதல் நேரத்தில் 8-7 என்று தோல்வி. அணி எப்போதோ பந்தயத்திலிருந்து வெளியேறிவிட்டது, சீசன் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அதிலும் அப்படி ஆடினார்.

ஸ்மித்தின் தொடக்கம் வேறு மாதிரி. முதல் சில வாரங்களில் அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு ஆட்டங்கள் இருந்தால் ஒன்றில் அவரை உட்காரவைத்தார்கள். கல்லூரி ஹாக்கியில் வாரக் கடைசியில்தான் ஆட்டம். இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் பெரிய ஆட்களோடு மோத வேண்டும், உடம்பு பழக நேரம் கொடுக்கலாம் என்று அணி நினைத்தது. சரியான முடிவுதான். ஆனால் அரங்கில் அதைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. முதல் கோலுக்கு அக்டோபர் கடைசி வரை காத்திருந்தோம். சிகாகோவுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில் இரண்டாக வந்தது. மகள் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

அந்த வாரங்களில் எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் பெரியவர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. கவ் பேலஸ் காலத்திலிருந்து வருகிறவர். ஸ்மித் மெதுவாக இருக்கிறான் என்று நான் புலம்பியபோது, "அவன் மெதுவாக இல்லை, மற்றவர்கள் எங்கே வருவார்கள் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை" என்றார். பிறகு யோசித்தால் விஷயம் சரியாக இருந்தது. ஸ்மித், ரயன் லெனர்ட், கேப் பெரோ மூவரும் மிச்சிகனில் இருக்கிற அமெரிக்க தேசிய இளையோர் அணியில் ஒரே லைனில், அதாவது ஒன்றாகக் களமிறங்கும் மூன்று தாக்குதல் வீரர்களாக, ஆடியவர்கள். மூவரும் சேர்ந்தே பாஸ்டன் காலேஜுக்குப் போய் அங்கேயும் ஒரே லைனில் ஆடினார்கள். திரும்பிப் பார்க்காமலே பாஸ் கொடுக்கலாம், ஆள் அங்கே இருப்பான். 2023-இல் 18 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் ஏழு ஆட்டங்களில் 20 பாயின்ட் எடுத்து சிறந்த வீரர் விருதை வாங்கினாரே, அதுவும் அந்தத் துணைகளோடுதான். சான் ஹோசேக்குத் தனியாக வந்தார். செலப்ரினிக்கு இப்படி ஒரு துணை எப்போதும் தேவைப்பட்டதில்லை. யாரோடு போட்டாலும் அவர் தன் ஆட்டத்தை ஆடுவார். எனக்கு இருவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு வேகமோ ஷாட்டோ இல்லை, இதுதான்.

இப்போது மேல்தட்டுக்கு வாருங்கள். பவர் பிளே. வலது பக்கச் சுவரோரம் ஸ்மித்திடம் பக். ஒன்றும் செய்ய மாட்டார். பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நிற்பார். கீழே உட்கார்ந்தால் உங்களுக்கு எரிச்சல் வரும், ஷாட் அடியேன் என்று கத்துவீர்கள். மேலே இருந்தால்தான் தெரியும், அவர் நிற்பதால் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒவ்வோர் அடியாக அவர் பக்கம் நகர்கிறார்கள். தோளை ஒரு பக்கம் சாய்ப்பார், அவர்களும் சாய்வார்கள். அந்தப் பக்கம் ஒரு சந்து திறக்கும். மட்டையின் நுனியால் ஒரு தட்டு. பக் இரண்டு பேரின் கால்களுக்கு நடுவே, யாரும் இல்லாத இடத்துக்குப் போகும். அந்த யாரும் இல்லாத இடத்தில் ஷார்க்ஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்திருப்பார். இதைச் செய்கிறவர்கள் லீகில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். மகள் இதைப் பார்த்துதான் கட்சி மாறினாள் (ஆரம்பத்தில் அவளும் 71 தான்).

எங்கள் ஊர் வழிப்படி பக் இல்லாத ஸ்மித்தைப் பார்த்தால்? அங்கே எனக்கு இரண்டு மனசு. தற்காப்பில் அவர் பல சமயம் தாமதம். சுவரோர முட்டலில் தோற்கிறார். கால் வேகத்தில் முதல் மூன்று அடி போதாது. இதெல்லாம் சீசன் முழுக்க இருந்தது, கடைசியில் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தாக்குதலில் பக் இல்லாதபோது அவர் செய்வது செலப்ரினியிடம் இல்லாத ஒன்று. எல்லோரும் பக்கை நோக்கி ஓடும்போது இவர் எதிர்த் திசையில் போவார். மெதுவாக, யார் கண்ணிலும் படாமல். ஐந்து நொடி கழித்துப் பார்த்தால் கோலுக்கு முன்னால் தனியாக நிற்பார். இதை எத்தனை தடவை பார்த்தாலும் எப்போது நகர்ந்தார் என்று பிடிக்க முடிவதில்லை.

இரண்டாம் பாதியில் முன்னேற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது. ஜனவரி வரை ஆடிய ஸ்மித்தையும் மார்ச்சில் ஆடிய ஸ்மித்தையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்வீர்கள். சென்டராக (லைனின் நடுவில் ஆடுகிறவராக) எடுக்கப்பட்டவரை விங்கில் (பக்கவாட்டில்) ஆடவைத்தார்கள். சென்டருக்கு இருக்கிற தற்காப்புச் சுமை விங்கில் குறைவு, அது அவருக்குத் தோதாக அமைந்தது. பிறகு செலப்ரினி நடுவில், ஸ்மித் ஒரு பக்கம், 30 கோல் அடித்த மூத்தவர் டஃபோலி இன்னொரு பக்கம் என்று ஒரே லைனில் போட்டார்கள். அந்த லைன் இறங்கும் 45 நொடிக்காக மட்டும் மற்ற நேரத் தோல்விகளைப் பொறுத்துக்கொண்டோம். 74 ஆட்டங்களில் 18 கோல், 27 அசிஸ்ட், 45 பாயின்ட் என்று முடித்தார். தொடக்க வாரங்களைப் பார்த்தவர்களுக்கு அது நல்ல கணக்கு.

ஒரு சுவையான விஷயம். முதல் சீசனில் செலப்ரினி தங்கியது ஜோ தார்ன்டன் வீட்டில், ஸ்மித் தங்கியது பாட்ரிக் மார்லோ வீட்டில். ஷார்க்ஸ் சரித்திரத்தின் இரண்டு பெரிய தலைகள். 1997 டிராஃப்டில் முதல் ஆள் தார்ன்டன், பாஸ்டனுக்குப் போனார். இரண்டாம் ஆள் மார்லோ, இங்கே வந்தார். 2005-இல் தார்ன்டனும் இங்கே வந்து சேர, அதன் பிறகு பல வருடங்கள் இருவரும் ஒன்றாக ஆடினார்கள். மார்லோ 566 கோல், 1,779 ஆட்டம்; என்.எச்.எல்.லில் அவரைவிட அதிக ஆட்டம் ஆடியவர் இல்லை. தார்ன்டன் பாஸ் கொடுப்பதில் மன்னன், 2025 ஜூனில் ஹாக்கியின் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். பாஸ்காரர் வீட்டில் கோல்காரப் பையனும் கோல்காரர் வீட்டில் பாஸ்காரப் பையனும் சாப்பிட்டு வளர்ந்தார்கள். இருவரையும் இப்படி முதிர்ந்த குடும்பங்களோடு வைத்தது ஷார்க்ஸ் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. பதினெட்டு வயதுப் பையனை ஒரு அபார்ட்மென்டில் தனியாக விட்டுத் தினமும் தோற்றுவிட்டு வா என்றால் என்ன ஆவான்?

ஆனால் தார்ன்டனும் மார்லோவும் என்.எச்.எல். கோப்பையை வெல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் இறுதிவரை போய் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றார்கள். இந்த ஊர்க்காரர்கள் புதுப் பையன்களை இவ்வளவு கூர்ந்து பார்ப்பதற்குப் பின்னால் அந்த ஏக்கம் இருக்கிறது.

இனி எதிர்காலம். செலப்ரினியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சீசனில் நூறு பாயின்ட் என்பது அவருக்கு எட்டுகிற தூரம்தான். சட்டையில் கேப்டன் எழுத்து வருவது எந்த வருடம் என்பதுதான் கேள்வி. கேப்டனாக இருந்த லோகன் கூட்டூர் 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்ததும் அந்த இடம் காலியானது. 2025 மே மாதம் கனடா செலப்ரினியை உலகப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனது, நட்சத்திர வீரர் சிட்னி கிராஸ்பியோடு ஒரே அணியில். கனடா காலிறுதியில் டென்மார்க்கிடம் தோற்றது வேறு விஷயம். 2026 பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக்ஸுக்கு என்.எச்.எல். வீரர்கள் போனார்கள். கனடா அணியில் இவருக்கும் இடம் கிடைத்தது. உடம்பு ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆட்ட முறைக்கு அடி படாமல் இருப்பது கஷ்டம்.

ஸ்மித்தின் எதிர்காலம் அவர் கையில் மட்டும் இல்லை. 2025 ஜூன் டிராஃப்டில் ஷார்க்ஸ் இரண்டாவது ஆளாக மைக்கேல் மீசாவை எடுத்தது. அவர் சென்டர். அப்படியானால் ஸ்மித் விங்கிலேயே நிலைக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அது நல்ல செய்தி. ஒரு பக்கம் செலப்ரினி ஓடிப் பக்கைப் பறித்துக் கொடுக்க, ஸ்மித் நின்று யோசிக்கலாம். அந்த ஏற்பாட்டில் எண்பது பாயின்ட் எடுக்கிற வீரராக வருவார். செலப்ரினி இல்லாமல் வேறோர் அணியில்? அறுபதில் நிற்பார் என்பது என் எண்ணம். மகளிடம் இதைச் சொன்னதும், "அப்ப ஸ்மித் இல்லாம செலப்ரினி எவ்ளோ எடுப்பாருன்னு சொல்லுங்க" என்றாள். அவருக்கும் குறையத்தான் செய்யும், ஆனால் இவ்வளவு குறையாது. இதுதான் என் தீர்ப்பு, வீட்டில் ஏற்கப்படவில்லை.

யார் பெரிய ஆள் என்றால் செலப்ரினி. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. யாரைப் பார்க்கக் காசு கொடுப்பேன் என்றால், சில இரவுகளில் ஸ்மித்தைத்தான். செலப்ரினி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், அதை எவ்வளவு நன்றாகச் செய்வார் என்று பார்க்கப் போகிறேன். ஸ்மித் என்ன செய்வார் என்று தெரியாது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். சொந்த அரங்கில் ஒரு சீசனுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். எல்லாவற்றையும் உள்ளடக்கிய முழுத் தொகுப்பு, குழந்தைகளுக்குப் பள்ளி இருக்கிற வீட்டுக்குச் சரிப்படாது. வார நாளில் இரவு ஏழரைக்குத் தொடங்கினால் முடிந்து வீடு சேர நேரமாகிவிடும். சில ஆட்டங்கள் மட்டும் உள்ள சிறிய தொகுப்பு போதும். ஒரே இருக்கையில் கட்டிக்கொள்ளாமல் பாதி கீழே, பாதி மேலே என்று தனித்தனியாக எடுத்தாலும் நல்லது. கீழே எடுத்தால் மூலைக்குப் பக்கம் பாருங்கள், நடுக்கோட்டுக்குப் பக்கம் வேண்டாம். அங்கே எல்லோரும் உங்களைக் கடந்து போவார்கள், யாரும் நிற்க மாட்டார்கள். பீரியடுக்குப் பீரியட் அணிகள் பக்கம் மாறும். ஆகவே முதல் பீரியடிலும் மூன்றாம் பீரியடிலும் ஷார்க்ஸ் தாக்குவது எந்தக் கோல் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கத்தில் எடுங்கள். மறுவிற்பனை ஆப்களில் வாங்கினால் கடைசியில் சேர்க்கிற கட்டணத்தையும் பார்த்துவிட்டு அழுத்துங்கள். நான் ஒன்றில் வாங்கியபோது கடைசித் திரையில் வந்த தொகை முதலில் காட்டியதற்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். வார்ம் அப்பில் கண்ணாடி ஓரம் போய் நிற்க விடுவார்கள், பிள்ளைகளுக்கு அப்போதுதான் ஆட்டக்காரர்கள் எவ்வளவு வேகம் என்று தெரியும்.

எப்போது வாங்குவது என்றால் இந்த வருடமே. இருவருக்கும் மூன்று வருட ஆரம்ப ஒப்பந்தம், 2027 கோடையில் ஒன்றாக முடிகிறது. அப்போது இருவருக்கும் சேர்த்துப் பெரிய சம்பளம் கொடுத்தாக வேண்டும், அணியும் அதற்குள் இன்னும் மேலே வந்திருக்கும். இப்போதைய டிக்கெட் விலையில் இந்த இருவரையும் பார்க்கிற வாய்ப்பு ரொம்ப நாள் இருக்காது. இருக்கை எடுக்கும்போது யார் கட்சி என்று மட்டும் வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் இந்த சீசனுக்கு மேல்தட்டில்தான் எடுத்திருக்கிறோம்.